சீனியர் கேட்ட கேள்வி

என் சீனியரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். கோர்ட்டில் பழகியவர்கள், அந்த மனுஷன் டெல்லிக்குப் போயிருக்கவே கூடாது, நல்ல சிவில் வக்கீல் ஒருத்தர் வீணாகிவிட்டார் என்பார்கள். அரசியலில் பழகியவர்கள், இவ்வளவு படித்த எம்.பி. இந்தத் தொகுதிக்கு வாய்த்ததே இல்லை என்பார்கள். நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தவள். அவர் டெல்லிக்குப் போன பிறகு அவருடைய ஆபீஸை நடத்தியவளும் நான்தான். இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன். இங்கே எழுதுவது ஒரே ஒரு வழக்கைப் பற்றி. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடியது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு மனை. அதில் வரிசையாக ஓட்டு வீடுகளும் தகரக் கூரை வீடுகளும் இருந்தன. குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு வாழைத்தோட்டத்தில்தான். ஆண்கள் தார் வெட்டிச் சுமப்பார்கள், பெண்கள் இலை அறுத்துக் கட்டுவார்கள். மத்திய அரசின் ஒரு துறை இவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தது. துறையின் பெயர் வேண்டாம். கோர்ட்டில் 'வாதி' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மனை தன்னுடையது, சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டுவதற்காக எப்போதோ எடுத்தது, இவர்கள் ஆக்கிரமித்திருக்கிறார்கள், காலி செய்து தர வேண்டும் என்பது வாதியின் வாதம். கிட்டங்கி கட்ட ஒரு செங்கல்லைக்கூட அங்கே யாரும் இறக்கியதில்லை.

குடியிருந்தவர்கள் சார்பாக ஆபீஸுக்கு வந்துபோனது ஒரு பெண். இலைக்கட்டு போடுகிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அந்த வீட்டிலிருந்துதான். திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து நிற்பாள். வாய்தா என்றைக்கு என்று கேட்பாள். சொன்னால் திரும்பிப் போய்விடுவாள். எங்கள் வேலையில் அவளை மாதிரி ஆள் அபூர்வம். மற்றவர்களெல்லாம் கேஸ் ஜெயிக்குமா என்று கேட்டு உயிரை எடுப்பார்கள்.

சீனியர் அந்த வழக்கை நடத்திய விதம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. வாதியின் அதிகாரி கூண்டில் ஏறி, மனை எங்களுடையது என்று சொல்லிவிட்டு நின்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்த சீனியர், இந்தப் பதவிக்கு எப்போது வந்தீர்கள், மனையை நேரில் பார்த்திருக்கிறீர்களா, வீடுகள் எப்போது கட்டப்பட்டன என்று தெரியுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மனைக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதுமே, அந்த ஆள் முழிப்பாரே என்று அவர் காதில் சொன்னேன். அவர் காதே கேட்காதவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "அவங்ககிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியல. நாம போயி தேடிப் பாருங்கன்னு சொல்லணுமாக்கும்?"

விஷயம் அவ்வளவுதான். மனை என்னுடையது என்று சொல்லி வருகிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் குடியிருக்கிறவன் இருந்தபடியே இருப்பான். வாதிக்கு அந்த மனையின் மேல் பெரிய அக்கறை கிடையாது. பழைய பத்திரங்கள், தாஸ்தாவேஜுகள் எந்த ஊர் அலமாரியில் கிடக்கின்றன என்று தேட எந்த அதிகாரிக்கும் வேளை வரவில்லை. ஒருவர் தேடலாம் என்று நினைப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடும். சீனியரும் அவசரப்படவில்லை. வாதி தரப்பில் வாய்தா கேட்டார்கள் என்றால் ஆட்சேபணை இல்லை என்பார். அதற்குள் அந்த வீடுகளில் கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, ஒன்றிரண்டு வீடுகளுக்கு மாடிகூட ஏறியது. பேசாமல் இருந்தே ஒருவர் ஒரு தெருவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவருடைய ஆகப் பெரிய திறமை அதுதான். அதற்கு யாரும் மாலை போடவில்லை.

மாலை விழுந்தது வேறு காரணத்துக்காக. அவர் ஒரு அரசியல் கட்சியின் வக்கீல் அணியில் இருந்தார். மறியல், போராட்டம் என்று உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் ஜாமீன் எடுத்துக் கொடுப்பார். ஒரு தேர்தலில் சீட்டுக்கு இரண்டு பெரிய தலைகள் முட்டிக்கொண்டன. இருவருக்கும் இல்லாமல் இவருக்கு வந்துவிட்டது. டி.வி.யில் பெயரைச் சொன்னபோது அவர் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

பிரச்சாரத்தில் அவரைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். திருச்செந்தூரில் நடந்த கூட்டத்தில் பேச எழுந்து, வாய் தவறி "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. வேண்டுமென்றே சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் "அடுத்தபடியாக" என்பார். இவர் ஜெயிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வருஷம் காற்று அடித்த பக்கம் அவர் நின்றிருந்தார், ஜெயித்துவிட்டார்.

ஆனால் ஸ்ரீவைகுண்டத்துப் பிரச்சாரம் எனக்குச் சிரிப்பாக இல்லை. அந்த மனைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். மைக்கை வாங்கி, நான் டெல்லிக்குப் போனால் எனக்கு முதல் வேலை உங்கள் பட்டாதான் என்றார். ஜீப்பின் பின்சீட்டில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்குக்கு வருகிறவர்களிடம் அவர் அதுவரை ஒரு நாளும் நடக்கும் என்று சொன்னதில்லை. "பார்ப்போம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. அந்த இலைக்கட்டுக்காரி மட்டும் கைதட்டாமல் நின்றாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு ஆபீஸ் என் தலையில் விழுந்தது. சில பேர் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போனார்கள். ஒரு பொம்பளையை நம்பிச் சொத்து வழக்கைக் கொடுப்பதா என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. ஸ்ரீவைகுண்டத்து வழக்கு மட்டும் அலுங்காமல் இருந்தது. வக்காலத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. அவர் எப்படி நடத்தினாரோ அப்படியே நானும் வாயைத் திறக்காமல் நடத்தினேன்.

டெல்லியிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கூப்பிடுவார். முதல் வருஷம் முழுக்க ஒரே புலம்பல். இங்கே ஒரு வாக்கியத்துக்கு அரைநாள் வாதாடிய மனுஷனுக்கு அங்கே எழுந்து நின்று ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறதாம். பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கா ஜனங்கள் என்னை அனுப்பினார்கள் என்பார். பாவமாக இருக்கும். ஆனாலும், கோர்ட்டில் பேசாமல் இருந்தபோது நன்றாகத்தானே இருந்தீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையிலேயே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கிற கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். அதில் இவருடைய கேள்வி வந்துவிட்டது. அமைச்சர் எழுந்து சபையில் வாயால் பதில் சொல்லியாக வேண்டும். என்ன கேள்வி சார் என்றேன். கோர்ட்டில் இருப்பது என்று தள்ளிவிடாதபடி வழக்கின் பேச்சே இல்லாமல் எழுதியிருந்ததைப் படித்தார். ஸ்ரீவைகுண்டம் பகுதியில் கிட்டங்கிக்காக எடுத்த நிலம் ஏதும் அந்தத் துறையிடம் உள்ளதா, அதற்கு உரிமை ஆவணம் இருக்கிறதா, உபயோகப்படுத்தாத அந்த நிலத்தைக் குடியிருப்போருக்கே தருவதற்கு அரசு முன்வருமா.

சார், ரெண்டாவது கேள்வி எதுக்கு என்றேன்.

அதுதான் முக்கியம் என்றார். இத்தனை வருஷம் கோர்ட்டுக்குக் கொண்டுவராதவர்களிடம் ஆவணம் எங்கே இருக்கப்போகிறது. இல்லை என்றுதான் பதில் வரும். அமைச்சரே சபையில் இல்லை என்று சொன்ன பிறகு வழக்கை வாபஸ் வாங்குவதைத் தவிர அவர்களுக்கு வழி கிடையாது. பட்டா தானாக வரும். அழகான வாதம்தான். எனக்கு மட்டும் கோர்ட்டில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நின்றது.

கேள்வியைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது, வாங்கிவிடுங்கள் என்றேன். அன்றைக்கும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். மூன்றாம் தரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் இங்க பிரதிவாதி வக்கீல் இல்லம்மா. அந்த ஜனங்க எனக்கு ஓட்டுப் போட்டது வாய மூடிட்டு உக்கார்றதுக்கா? கேக்கதுக்குத்தான அனுப்புனாங்க?"

அவர் சொன்னதும் தப்பில்லை, அதுதான் கஷ்டம். கேள்வி கேட்காத எம்.பி.யை ஊரே ஏசும். கேட்கக்கூடாததைக் கேட்ட வக்கீலிடம் யாரும் கேஸ் கொடுக்க மாட்டார்கள். ஒரே ஆள் இரண்டாகவும் இருந்தால் என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அந்த வாரம் நடுவில் இலைக்கட்டுக்காரி போன் செய்தாள். யாரோ ஜீப்பில் வந்து இறங்கி டேப் பிடித்து அளக்கிறார்கள், வாய்க்கால் பக்கம் புதருக்குள் எல்லைக் கல்லைத் தேடுகிறார்கள் என்றாள். கல் கிடைத்ததா என்று கேட்டேன். ஒரு கல் கிடைத்ததாம். மண்ணைத் தட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். இத்தனை வருஷமும் எந்த அதிகாரிக்கும் வராத அக்கறை, அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றதும் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது.

பதில் சொன்ன அன்று ஆபீஸில் போனில் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தேன். சீனியர் எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னார். அமைச்சர் நிதானமாகப் படித்தார். நிலம் இருக்கிறது. ஆவணமும் வரைபடமும் இருக்கின்றன. ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டப்படி நடவடிக்கை நடக்கிறது. நிலத்தைக் கொடுக்கும் உத்தேசம் இல்லை. துணைக் கேள்வி கேட்கலாம் என்றார் அவைத்தலைவர். கூண்டில் சாட்சி எதிர்பாராததைச் சொல்லிவிட்டால், சீனியர் அடுத்த கேள்வியைத் தேடுகிற மாதிரி காகிதத்தைப் புரட்டுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. அங்கேயும் அப்படித்தான் புரட்டினார். பிறகு, மனிதாபிமான அடிப்படையில் என்று ஏதோ கேட்டார். விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் ரோட்டில் கட்சிக்கொடி கட்டிய பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. டெல்லியில் நமக்காக ஒலித்த குரல் என்று எழுதி, கை உயர்த்திய சீனியர் படம். வைத்தவர்கள் பதிலைப் படிக்கவில்லை. கேள்வி கேட்டார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அது அந்த வீடுகளின் வாசலுக்கு நேர் எதிரில் நின்றது.

கோர்ட்டில் வாதியின் வக்கீல், சாட்சியத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று மனுப் போட்டார். ஆவணம், வரைபடம், கல்லின் போட்டோ, கூடவே சபையில் சொன்ன பதிலின் நகல். அவர் சீனியரோடு ஒன்றாகப் படித்தவர், பண்பான மனுஷர். மனுவின் நகலை என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நாங்க கேட்டும் கிடைக்காததை உங்க சார் வாங்கிக் குடுத்துட்டார்மா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கிண்டல் இல்லை, வருத்தம்தான். கிண்டலாக இருந்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

நீதிபதி அந்த நகலை மேலிருந்து கீழே படித்தார். கேள்வி கேட்டவரின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்த உறுப்பினரும், உங்க வக்காலத்துல முதல் கையெழுத்து போட்டிருக்கவரும் ஒரே ஆள்தானா?"

ஆமாம் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பாதியில் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அந்த மனுவை எதிர்த்து என்னால் முடிந்ததெல்லாம் பேசினேன். பேசிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குச் சீனியர் மேல் வந்த கோபம் வேறு யார் மேலும் அதற்கு முன்போ பின்போ வந்ததில்லை. அந்தத் தெருவில் இருக்கிறவர்களின் வீட்டை எதிராளி பறிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியவர், நல்ல எண்ணத்தோடு, ஊரறிய, எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. காலி செய்வதற்கு அவகாசம் கேட்டேன், தாராளமாகவே கொடுத்தார்கள். அப்பீல் போட்டு இழுக்கலாமா என்று சீனியரிடம் கேட்டேன். வேண்டாம், மாற்று இடம் வாங்கித் தருகிறேன் என்றார். அதில் குறை சொல்ல முடியாது. கூட்டத்தொடர் இல்லாத நாளெல்லாம் கலெக்டர் ஆபீஸில்தான் கிடந்தார். எம்.பி. என்கிற கெத்தெல்லாம் விட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் காத்திருந்ததை நானே பார்த்தேன். செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கம் மனை கிடைத்தது. பட்டாவும் கிடைத்தது, இந்த முறை உண்மையிலேயே. ஆனால் அங்கே வாய்க்கால் இல்லை, வாழை இல்லை. இலை அறுக்கப் போக வேண்டுமானால் விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள்.

குடியேறிய பிறகு ஒரு நாள் சீனியர் அங்கே போனார், நானும் கூடப் போயிருந்தேன். செம்மண் காலில் ஒட்டியது. வீடு எழும்பாதவர்கள் கீற்று மறைப்பில் இருந்தார்கள். ஒரு மனையில் பெண்கள் குளிக்க நாலு கம்பு நட்டுச் சுற்றிலும் அந்தப் பழைய ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். கை உயர்த்திய சீனியர் தலைகீழாக நின்றார். அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். நல்ல கெட்டித் துணி, மழைக்கும் தாங்கும் என்றார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் புது மனைக்கும் ஒரு வம்பு வந்தது. ரோட்டிலிருந்து உள்ளே போகிற பாதை தன் பனங்காட்டுக்குள் போகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டுவிட்டார். சம்மன் வந்த மறுநாளே இலைக்கட்டுக்காரி ஆபீஸுக்கு வந்தாள். எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட வக்காலத்து அவள் பையில் இருந்தது. அன்றைக்குச் சீனியரும் ஊரில் இருந்தார், உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் தெளிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன்.

பாதை வழக்குதானே, நானே ஆஜராகிறேன், கவுன் போட்டு எவ்வளவு நாளாச்சு என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். தப்பு செய்தவர் ஈடு செய்யத் துடிப்பது பச்சையாகத் தெரிந்தது. தாளுக்காகக் கையை நீட்டினார்.

அவள் தாளைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கோபமாகப் பேசவில்லை, பெரியவர்களிடம் பேசுகிற பணிவோடுதான் பேசினாள்.

"ஐயா கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க எங்களுக்காகத்தான் கேட்டிய, அத நாங்க ஒருநாளும் இல்லன்னு சொல்ல மாட்டோம். ஆனா இப்பம் நீங்க பெரிய ஆளு. நீங்க கேட்டா அவிய மெனக்கெட்டுத் தேடி எடுத்து பதில் சொல்லிருதாவ. எங்களமாரி ஆளுவளுக்கு, நாங்க எங்கன இருக்கோம்னு எவனும் தேடாம இருந்தாத்தான் அங்கன இருக்க முடியும். இந்தம்மா கேட்டா ஒருத்தனும் மதிச்சு பதில் சொல்ல மாட்டான். இந்தம்மாவே பாக்கட்டும்."

சொல்லிவிட்டு வக்காலத்தை என் முன்னால் வைத்தாள். நான் சீனியரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.